பழைய ஹார்னெஸ் கட்டுகள்: கட்டும் முறை, தொங்கிப் பார்க்கும் முறை, தூக்கிப் போடும் முறை

விழுபவரைப் பிடித்து நிறுத்துவது ஒரு வேலை. நின்றபின் அந்தரத்தில் தாங்கிக்கொண்டிருப்பது வேறு வேலை. இடுப்பில் சுற்றிய கயிறு முதல் வேலையை ஓரளவு செய்தது, இரண்டாவதைச் செய்யவே இல்லை. பழைய தலைமுறை மலையேறிகள் ஹார்னெஸைப் பற்றி, அதாவது கயிற்றோடு உடலை இணைக்கும் கட்டைப் பற்றிப் பேசும்போது விலா எலும்பு வலியும், அக்குள்வரை ஏறிவந்த கயிறும், மூச்சு முட்டியதும்தான் முதலில் வருகின்றன. ஏன் என்பது படித்துத் தெரிவதைவிட, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுகளில் இரண்டு இன்றும் அவசரத்துக்கு உதவும். மற்றவை தெரிந்து வைத்துக்கொள்ள மட்டும். எதையும் லீட் ஏற்றத்துக்கு, அதாவது கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு முன்னால் ஏறுவதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

தொங்கிப் பார்க்க என்ன வேண்டும்

உறுதியான கிளை அல்லது ஜிம் ஆங்கர் (கயிறு மாட்டும் பிடிமானம்), நல்ல நிலையில் உள்ள 10 அல்லது 11 மி.மீ. கயிறு, பூட்டுள்ள காராபினர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி) இரண்டு, ஒரு கத்தி, கூட ஒரு ஆள். கால் தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. காலடியில் ஒரு முக்காலி இருக்கட்டும். தொங்கும் கயிற்றில் 6 மி.மீ. நாண் கயிற்றால் ஒரு புரூசிக் முடிச்சு (எடை ஏறினால் கயிற்றை இறுகப் பிடிக்கும், எடை இல்லாதபோது நகரும்) போட்டு, கால் வைத்து எழுந்து நிற்க ஒரு வளையமும் விடுங்கள். அந்த வளையம் அலங்காரம் அல்ல. கார்ல் புரூசிக் 1931-ல் அறிமுகப்படுத்திய முடிச்சை அந்தக் காலத்தவர் எப்போதும் கூடவே வைத்திருந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்: அந்தரத்தில் தொங்க நேர்ந்தால், இடுப்பிலிருந்து எடையைக் காலுக்கு மாற்றினால்தான் மூச்சு விட முடியும்.

இடுப்பில் மட்டும் கட்டிய நிலையில் 30 விநாடிக்கு மேல் தொங்க வேண்டாம். கர்ப்பிணிகள், முதுகெலும்பிலோ சிறுநீரகத்திலோ கோளாறு உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள் பார்வையாளராக இருப்பது நல்லது.

பின்னால் வரும் சில கட்டுகளுக்குப் பட்டை வேண்டும். வாங்கும்போது குழல் போல நெய்த நைலான் வெப்பிங் கேளுங்கள். 2.5 செ.மீ. அகலப் பட்டை ஏறத்தாழ 18 கிலோநியூட்டன் (சுமார் 1,800 கிலோ எடையின் இழுப்பு) தாங்கும். முடிச்சுப் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பை வாருக்காகக் கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கும் பளபளப்பான பாலிப்ரொப்பிலீன் பட்டை பார்வைக்கு இதே போல இருக்கும், வேலைக்கு ஆகாது. வலு குறைவு, முடிச்சு வழுக்கும், 165 டிகிரி அருகிலேயே உருகிவிடும். நைலானுக்கு 220 டிகிரியாவது வேண்டும். கயிறு உரசும் இடத்தில் இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது.

கட்டு 1: சுருளில் போலைன்

போலைன் என்பது இறுகாத வளையம் தரும் முடிச்சு. முன்பு ஒற்றைச் சுற்று போலைனையே இடுப்பில் கட்டி ஏறினார்கள். மணிலா, சணல் கயிறுகளின் காலம் அது. பெரிய விழுகையில் கயிறே அறுந்துபோகும் என்பதால், விழுந்தபின் தொங்குவது எப்படி என்ற கேள்விக்குப் பெரிய இடமில்லை. ‘முன்னால் போகிறவன் விழக் கூடாது’ என்பதுதான் விதி. இரண்டாம் உலகப் போரை ஒட்டி நைலான் கயிறு வந்தது. அது அறுவதற்குப் பதில் நீண்டுகொடுத்து ஆளைப் பிடித்தது. விழுந்தவர் பிழைத்தார், பிழைத்துத் தொங்கினார். இடுப்புக் கட்டின் குறை அப்போதுதான் முழுதாக வெளியே வந்தது.

பல சுற்றுச் சுற்றி எடையைப் பரப்புவது இதற்குக் கண்ட முதல் தீர்வு.

1. கயிற்று முனையை இடுப்பில் 4 முறை சுற்றுங்கள். இடம் முக்கியம்: இடுப்பெலும்புக்கு மேலே, கடைசி விலாவுக்குக் கீழே. சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்துப் படிய வேண்டும். 85 செ.மீ. இடுப்புக்குச் சுற்று மட்டும் 3.4 மீட்டர் போகும். முடிச்சையும் சேர்த்தால் 4 மீட்டரைத் தாண்டும்.
2. துணையாளரை நோக்கிப் போகும் நீள் கயிற்றில் ஒரு சிறு வளையம் திருகி, அதை நான்கு சுற்றுக்கும் அடியில் நுழைத்து மறுபக்கம் எடுங்கள்.
3. குறு முனையை அந்த வளையத்துக்குள் விட்டு, நீள் கயிற்றின் பின்னால் சுற்றி, மறுபடி அதே வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். இதுதான் போலைன். நான்கு சுற்றும் அதன் பிடிக்குள் அடங்கியிருக்க வேண்டும்.
4. நீள் கயிற்றை இழுத்து இறுக்குங்கள். மீந்த வாலைச் சுற்றுகளின்மேல் இரட்டைச் சாதாரண முடிச்சாகப் போட்டு முடியுங்கள். வால் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

இரண்டு விரல் தட்டையாக நுழையும் அளவுக்கு இறுக்கம். கட்டும்போது வயிற்றைக் கொஞ்சம் எக்கிக்கொள்வது வழக்கம். நின்றுகொண்டிருக்கையில் ‘அளவாக இருக்கிறது’ என்று தோன்றினால் அது தளர்வு. இனி முக்காலியிலிருந்து காலை எடுங்கள். இடுப்பு கீழே வழுக்கும், சுருள் மேலே ஏறும், கீழ் விலாக்களில் போய் உட்காரும். உதரவிதானத்துக்கு இடமில்லாமல் மூச்சு மேலோட்டமாகும். தளர்வாகக் கட்டியவருக்கு அது அக்குள்வரை போய், தோள்பட்டை தூக்கிக்கொண்டு கை செயலற்றுப்போகும். சுவரில் கால் ஊன்ற இடமிருந்தால் சமாளிக்கலாம். துருத்திய பாறைக்குக் கீழே அந்தரத்தில் என்றால் சில நிமிடம்தான் அவகாசம். அதற்குள் கால் வளையத்தில் ஏறி நின்றாக வேண்டும்.

நடக்கும் தவறுகளில் மோசமானது இரண்டாம் படியில் நடப்பது. வளையத்தை எல்லாச் சுற்றுக்கும் அடியில் விடாமல் மூன்றுக்கு அடியில் மட்டும் விட்டால், நாலாவது சுற்று சும்மா இருக்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. எடை ஏறியதும் அது நழுவ, மொத்தக் கட்டும் அந்த நீளத்துக்குத் தளரும். முடித்தபின் விரலால் ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு நட்டம் கணக்கில் வரும். 45 மீட்டர் கயிற்றில் இரு முனையிலும் 4 மீட்டர் போனால் ஏற மிஞ்சுவது 37 மீட்டர். இடுப்புக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று மக்கள் நினைத்ததற்கு வலி மட்டும் காரணமல்ல.

பிரிட்டனில் அந்தத் தனிக் கட்டுக்குச் சணல் நாண் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றி, அதில் இரும்புக் காராபினரை மாட்டினார்கள். ஏறும் கயிறு நைலானுக்கு மாறியபிறகும் இடுப்புச் சணல் மாறவில்லை. பழமைப் பற்று என்று நினைக்க வேண்டாம். ஓடும் நைலான் கயிறு நிற்கும் நைலான் மேல் உரசினால், நிற்பது ஒரே இடத்தில் சூடேறி உருகி அறும். சணல் கருகும், ஆனால் உருகாது. இன்றைக்கும் நைலான் பட்டை வளையத்துக்குள் நேரடியாகக் கயிற்றை ஓட விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். இடையில் ஒரு உலோகம் இருக்க வேண்டும்.

கட்டு 2: சுவாமி பெல்ட்

1960-களின் கலிஃபோர்னியா, யோசெமிட்டி பள்ளத்தாக்கு. கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டை. 5 செ.மீ. பட்டையில் 3 சுற்று, அல்லது 2.5 செ.மீ. பட்டையில் 5 சுற்று. 80 செ.மீ. இடுப்புக்கு முதலாவதற்கு 3.3 மீட்டர், இரண்டாவதற்கு 4.5 மீட்டர் வெட்டுங்கள். முடிச்சுக்கும் வாலுக்கும் சேர்த்த கணக்கு இது. குளிர் உடைக்கு மேல் கட்டுவதென்றால் சுற்றுக்கு 10 செ.மீ. கூட்டுங்கள். வெட்டிய முனைகளைத் தீயில் காட்டி உருக்கி மூடாவிட்டால் நெசவு பிரிந்துகொண்டே வரும்.

சுற்றி முடித்தபின் இரு முனையையும் வாட்டர் நாட் போட்டு இணைக்க வேண்டும். ஒரு முனையில் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சு. மறு முனை எதிர்த் திசையிலிருந்து வந்து, முதல் பட்டை போன வழியிலேயே, அதன்மேல் தட்டையாகப் படிந்து போகட்டும். முறுக்கு இருந்தால் பிரித்து மறுபடி போடுங்கள். இரு பக்கமும் 8 செ.மீ. வால். பிறகு இரு கைகளால் இழுப்பது போதாது, உடல் எடையைப் போட்டு இறுக்குங்கள்.

இந்த முடிச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எடை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். காலையில் 8 செ.மீ. இருந்தது பல நாள் கவனிக்காமல் விட்டால் ஒன்றுமில்லாமல் போகும். பலர் வாலைப் பிளாஸ்திரியால் சுற்றி ஒட்டிவைத்தார்கள். நகர்வதைத் தடுக்க என்றாலும், நகர்ந்ததா என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பையும் அது மறைத்துவிடுகிறது. எங்கள் பரிந்துரை: ஒட்டாதீர்கள், ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னும் பாருங்கள்.

ஏறும் கயிற்றை எட்டு வடிவ முடிச்சால் எல்லாச் சுற்றுகளுக்கும் அடியில் விட்டுக் கட்டுங்கள். மேல் சுற்றில் மட்டும் கோத்தால் முழு எடையும் ஒரே பட்டையில் வரும். கட்டி முடித்ததை இன்னொருவர் பார்ப்பது அப்போதும் விதி, இப்போதும் விதி. 1989-ல் பிரான்சின் புயூக்ஸ் பாறையில் அமெரிக்க ஏற்ற வீராங்கனை லின் ஹில் 20 மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தது எந்தக் கருவியின் குறையாலும் அல்ல. கயிற்றை ஹார்னெஸில் கோத்துவிட்டு முடிச்சை முடிக்காமல் விட்டிருந்தார், மேலே அணிந்திருந்த ஜாக்கெட் அதை மறைத்திருந்தது. மரக்கிளைகள் அவரைக் காப்பாற்றின.

தொங்கிப் பாருங்கள். கயிற்றைவிடப் பரவாயில்லை, பட்டை அறுக்காது. ஆனால் மேலே ஏறும் அதே கதைதான். விழும்போது அடி முதுகின் இடுக்கில் விழும். அகலத்தைக் கூட்டினால் வலி குறைகிறது, மூச்சுப் பிரச்சினை குறையவில்லை. எடை தொடைக்குப் போகாதவரை எந்த இடுப்புப் பட்டையும் இப்படித்தான்.

தொடை வளையங்களைச் சேர்த்தல்

2.5 செ.மீ. பட்டையில் 2.5 மீட்டர். நடுவில் 12 செ.மீ. பாலம் விட்டு, அதன் இரு புறமும் உங்கள் தொடை அளவுக்கு ஒவ்வொரு வளையம் முடியுங்கள். முடிச்சு, பட்டையை இரட்டையாக மடித்துப் போடும் சாதாரண முடிச்சு. போட்டுப் பார்த்து, குந்தி எழுந்து, சரியானபின் மிச்சத்தை வெட்டுங்கள், வால் 8 செ.மீ. இருக்கட்டும். பாலம் முன்பக்கம் வர வேண்டும். ஏறும் கயிறு முதலில் பாலத்துக்கு அடியில், பிறகு இடுப்புப் பட்டைக்கு அடியில் போய் முடியப்படும். நடக்கும்போது வளையம் முழங்காலுக்கு இறங்காமலிருக்கப் பின்னால் மெல்லிய கயிற்றால் இடுப்போடு கட்டலாம். அது எடை தாங்க அல்ல.

இப்போது மறுபடி தொங்கினால் உட்கார்ந்த நிலை வரும். பாலம் நீளமானால் தொடை தாழ்ந்து எடை மறுபடி இடுப்புக்கே போகும். குட்டையானால் இரு தொடையும் நெருங்கி, ஏறும்போது கால் விரியாது. 2 செ.மீ. வித்தியாசமே தெரியும். பொறுமையாகச் சரிசெய்யுங்கள்.

கட்டு 3: கோவணக் கட்டு

கயிற்றில் இறங்க மட்டும். ஹார்னெஸை மறந்து வந்தவருக்கும் காயப்பட்டவருக்கும் இன்றும் கைகொடுப்பது இது. 3 மீட்டர் பட்டையை வாட்டர் நாட் போட்டு ஒரே பெரிய வளையமாக்குங்கள். வளையத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்து, இரு பக்க மடிப்பையும் இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவாருங்கள். பின்னால் தொங்கும் கீழ் இழையைக் கால்களுக்கு நடுவே, கோவணம் கட்டுவது போல, முன்னால் இழுங்கள். மூன்றையும் வயிற்றுக்கு முன்னால் ஒரு பூட்டுள்ள காராபினரில் மாட்டுங்கள். பூட்டு இல்லாதவைதான் இருக்கின்றன என்றால் இரண்டு போடுங்கள், வாய்கள் எதிரெதிர்ப் பக்கம் திறக்கும்படி.

வளையம் பெரிதாக இருந்தால் காராபினர் மார்புவரை வரும், கையெட்டாது. முடிச்சை மாற்றிச் சுருக்குங்கள். முடிச்சு பிட்டத்துக்கு அடியில் வராமல் இடுப்பின் பக்கவாட்டில் இருக்கட்டும்.

இங்கே காராபினரைக் கவனிக்க வேண்டும். மூன்று இழை மூன்று திசையில் இழுக்கும். தரக்கட்டுப்பாட்டின்படி காராபினர் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், குறுக்குவாக்கில் 7 போதும். இழை வாயின்மேல் வந்து உட்கார்ந்தால் நீங்கள் நம்புவது அந்த 7-ஐத்தான். இறங்குவதற்கு அது போதும், விழுவதற்குப் போதாது. எடை இல்லாத நேரத்தில் இந்தக் கட்டு தானே நழுவி முழங்காலுக்கு வரும், தலைகீழாகப் புரண்டால் ஆளே வெளியே வருவார். இடுப்பில் தனியாக ஒரு பட்டைச் சுற்று போட்டு அதே காராபினரில் சேர்த்தால் பாதிக் கவலை குறையும்.

பட்டையும் இல்லையென்றால் வெறும் கயிறுதான். முதல் உலகப் போரில் இறந்த ஜெர்மானிய மலையேறி ஹான்ஸ் டூல்ஃபரின் பெயரால் வழங்கும் முறை: கயிறு கால்களுக்கு நடுவே பின்னால் போய், வலத் தொடையைச் சுற்றி முன்னால் வந்து, மார்பின் குறுக்கே இடத் தோளுக்கு ஏறி, முதுகு வழியாக வலக் கைக்கு வரும். வலக் கைதான் பிரேக். இறங்கும்போது வலக் கால் எப்போதும் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிறு தொடையிலிருந்து நழுவும். முழுக்கைச் சட்டை, காலர் தூக்கியபடி, கழுத்தில் துணி. இவ்வளவு செய்தும் தொடையும் கழுத்தும் எரியும். சரிவான பாறைக்கு மட்டும்.

வில்லன்ஸ்: கட்டாமல் மாட்டியது

1970-ல் கிறிஸ் போனிங்டன் தலைமையில் அன்னபூர்ணா தெற்கு முகத்துக்குப் போன பிரிட்டிஷ் குழுவுக்காக டான் வில்லன்ஸ் வடிவமைத்த ஹார்னெஸ் இது, ட்ரோல் நிறுவனம் தைத்தது. மே 27-ல் வில்லன்ஸும் டூகல் ஹாஸ்டனும் உச்சியை அடைந்தார்கள். அடுத்த பத்தாண்டில் பிரிட்டிஷ் பாறைகளில் அது எங்கும் தென்பட்டது.

இடுப்புப் பட்டையின் முன்பக்கத்திலிருந்து ஒரு பட்டை கால்களுக்கு நடுவே இறங்கித் தொடை வளையங்களோடு சேரும். மலையில் கட்டியே விட்டிருக்கும் நிலைக் கயிறுகளில் மணிக்கணக்கில் தொங்கி ஏறுபவருக்கு நன்றாக உட்கார வைக்கும். ஆனால் திடீரென விழுந்தால் அதிர்வின் ஒரு பங்கு நேரே அந்த நடுப்பட்டைக்குப் போகும். ஆண்களின் குரல் மாறியது பற்றிய கேலிகளெல்லாம் அங்கிருந்து வந்தவை. அணிபவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: நடுப்பட்டையைத் தொய்வின்றி இழுத்து, உடுப்பையும் உடம்பையும் அதன் பாதையிலிருந்து ஒதுக்கிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்ப்பது.

இந்தக் கால ஹார்னெஸ்களின் பக்கிளில் பட்டை ஒருமுறை நுழைந்தபின் திரும்பி மறுபடி நுழைய வேண்டும். ஒருமுறை மட்டும் நுழைத்தாலும் நின்று நடக்கும்வரை இறுக்கமாகவே இருக்கும். எடை விழுந்ததும் ஓடி வெளியேறும். திரும்பி நுழைத்ததற்குப் பிறகு 8 செ.மீ. வால் மிஞ்ச வேண்டும்.

உங்களிடம் அசல் வில்லன்ஸ் இருந்தால் மாட்டிப் படம் எடுங்கள், தொங்காதீர்கள். 30 செ.மீ. உயரத்தில்கூட வேண்டாம்.

பரணில் கிடைத்த ஹார்னெஸைச் சோதித்தல்

முதலில் லேபிள். ஈஎன் 12277 (ஹார்னெஸுக்கான ஐரோப்பியத் தரம்) என்ற எண்ணும் தயாரித்த ஆண்டும் இருக்கிறதா? அந்தத் தரப்படி உட்காரும் ஹார்னெஸை 15 கிலோநியூட்டனில் இழுத்துச் சோதிக்கிறார்கள். லேபிள் இல்லையென்றாலோ, பத்தாண்டு தாண்டியிருந்தாலோ, உறை பிரிக்காததானாலும் ஏற்றத்துக்கு இல்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வைக்கும் உச்ச வயது இதுவே.

வயது சரியென்றால் கையால் தடவுங்கள். கயிறு கட்டும் இரண்டு இடங்களில் மேல்நெசவு மயிர் போலப் பிரிந்திருக்கிறதா, எங்காவது கண்ணாடி போல மினுங்கி விறைத்திருக்கிறதா (உரசி உருகிய தடம்), தையலில் ஒரு இழையாவது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பைத் திறந்து உள் நிறத்தோடு வெளி நிறத்தை ஒப்பிட்டால் வெயில் தின்ற அளவு தெரியும். அமிலம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலோ கார் டிக்கியில் பேட்டரியோடோ கிடந்த நைலான், புதியது போலவே தோன்றி, நூல் போல அறும். அப்படி வைத்திருந்தது தெரிந்தாலே போதும், சோதிக்க வேண்டாம்.

பிலே வளையத்தை (முன்பக்கம் இடுப்பையும் தொடையையும் இணைக்கும் தைத்த வளையம்) தனியாக, முழுச் சுற்றும் திருப்பிப் பாருங்கள். 2006 அக்டோபரில் யோசெமிட்டியின் லீனிங் டவரில் அமெரிக்க மலையேறி டாட் ஸ்கின்னர் இறந்தது தேய்ந்த பிலே வளையம் அறுந்ததால். பல்லாயிரம் மணிநேர அனுபவம் இருந்த கை அது. வளையத்தின் வெளிப்பக்கம் நன்றாக இருந்து, இடுப்புப் பட்டையோடு உரசும் உட்பக்கம் தேய்வது வழக்கம்.

தேறியதை வெதுவெதுப்பான தண்ணீரில், 30 டிகிரிக்குள், சாதாரண சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். ப்ளீச்சிங் பவுடர் கிட்டவே வரக் கூடாது.

தேறாததைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். பிலே வளையத்தையும் இரு தொடைப் பட்டைகளையும் கத்தரியுங்கள். நினைவுக்காகச் சுவரில் மாட்டுவதென்றாலும், பின்பக்கம் தெரியாதபடி இடுப்புப் பட்டையை ஓரிடத்தில் முழுதாக வெட்டிவிட்டு மாட்டுங்கள். வெட்டிய துண்டு பைக்குக் கைப்பிடியாகும், நாய்க்குக் கழுத்துப்பட்டையாகும். ஊஞ்சலுக்கும் குழந்தையின் தூளிக்கும் வேண்டாம்.